குளித்து எத்தனை நாள் ஆயிற்று?



முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருட்டறையில் உட்கார்ந்து ஸ்கேன் பார்த்தவள் நான். பக்கத்தில் படுத்திருக்கும் ஒரே ஒரு பெண்ணிடம் தணிந்த குரலில் பேசித்தான் பழக்கம். இவ்வளவு வெளிச்சத்தில், இத்தனை பேர் முன்னால், அதே விஷயத்தைப் பேசச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு பெண்ணிடமிருந்தே தொடங்குகிறேன்.

அவளுக்கு வயது 38 இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இரண்டு ஸ்கேன் ரிப்போர்ட். இரண்டும் வெவ்வேறு இடத்தில் எடுத்தவை. முதலாவதில் கருப்பையின் உட்சவ்வு 14 மில்லிமீட்டர் தடிப்பு என்று எழுதியிருந்தது. பத்துப் பதினோரு நாள் கழித்து எடுத்த இரண்டாவதில் 4 மில்லிமீட்டர்.

“மொதல்ல பதினாலு இருந்துச்சு டாக்டரம்மா. கர்ப்பப்பையை எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க. எங்க மாமியார்தான் ஒரு லேகியம் வாங்கிக் குடுத்தாங்க. ஒரு வாரம் சாப்பிட்டேன். பாருங்க, நாலாயிருச்சு. கரைஞ்சிருச்சு.”

“மொத ஸ்கேன் எடுத்தப்ப குளிச்சு எத்தனை நாள் ஆயிருந்துச்சும்மா?” என்றேன். விரல் விட்டு எண்ணினாள். முதல் ஸ்கேன் எடுத்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ மாதவிலக்கு வந்திருக்கிறது. இரண்டாவது ஸ்கேன் எடுத்தது, தலைக்குக் குளித்த மூன்றாம் நாள். அப்படியானால் முதல் படம் சுழற்சியின் 24-ஆம் நாளைச் சேர்ந்தது. இரண்டாவது 6-ஆம் நாளைச் சேர்ந்தது. 24-ஆம் நாளில் 14 மில்லிமீட்டர் இருப்பதும் 6-ஆம் நாளில் 4 இருப்பதும் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கருப்பையின் அடையாளம். லேகியம் சாப்பிட்டாலும் கரைந்திருக்கும், சாப்பிடாவிட்டாலும் கரைந்திருக்கும். லேகியத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஓர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வைத்த புண்ணியம் அதற்கு உண்டு. வருத்தமெல்லாம் அந்த இரண்டு தாள்களின் மேல். இரண்டிலும் அவள் பெயர் இருந்தது, வயது இருந்தது, மில்லிமீட்டர் இருந்தது. சுழற்சியின் நாள் எங்கும் இல்லை.

எங்கள் அறைகளில் அந்த நாளை எண்ணத் தொடங்கும் புள்ளிக்கு எல்.எம்.பி. என்று பெயர். கடைசி மாதவிலக்கில் ரத்தம் கண்ட முதல் நாள் என்று பொருள். பாடப்புத்தகம் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்கும். ஆனால் நம் பெண்கள், குறிப்பாக ஊர்ப்புறத்திலிருந்து வருகிறவர்கள், குளித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். “தலைக்கு ஊத்திப் பத்து நாள்” என்பார்கள். கருவுற்றிருப்பதற்கே நம்மிடம் உள்ள சொல் ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதுதானே! தலைமுழுக வேண்டிய நாள் வந்தும் முழுகவில்லை என்பதே அங்கு செய்தி. இரண்டுமே நல்ல கணக்குகள்தாம். தொடங்கும் இடம் மட்டும் வேறு. சில வீடுகளில் மூன்றாம் நாள் குளிப்பார்கள், சில வீடுகளில் ஐந்தாம் நாள். புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் ‘பத்து நாள்’ என்று காதில் விழுந்ததை அப்படியே பத்தாம் நாள் என்று எழுதிவிடுவார். உண்மையில் அது 12-ஆம் நாளாகவோ 14-ஆம் நாளாகவோ இருக்கும். சினைமுட்டை இன்னும் கூட்டுக்குள் இருக்கிறதா, வெடித்து வெளியேறிவிட்டதா என்ற கேள்வியே அந்த இரண்டு நான்கு நாளுக்குள் அடங்கிவிடும். அதனால்தான் நான் எல்.எம்.பி. என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “குளிச்சு எத்தனை நாள் ஆச்சு, எத்தனாவது நாள் குளிச்சீங்க?” என்று இரண்டு கேள்வியாகக் கேட்கத் தொடங்கினேன். இன்றைய உரைக்கும் அதுவே தலைப்பு.

நாள் தெரியாமல் கருப்பையைப் பார்த்துத் தவறாகப் படிப்பது ஸ்கேனோடு தொடங்கிய வழக்கம் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய மருத்துவர்கள் கருப்பையிலிருந்து சுரண்டி எடுத்த உட்சவ்வை நுண்ணோக்கியில் பார்த்து, சுரப்பிகள் பெருத்து நெளிந்திருந்தால் அழற்சி என்று நோய்ப்பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். 1908-இல் வியன்னாவில் ஃபிரிட்ஸ் ஹிட்ஷ்மன், லுட்விக் ஆட்லர் என்ற இருவர் ஓர் எளிய காரியம் செய்தார்கள். ஒவ்வொரு துண்டும் மாதவிலக்குச் சுழற்சியின் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று பார்த்து வரிசைப்படுத்தினார்கள். அடுக்கி முடித்தபோது நோய் காணாமற் போயிற்று. மருத்துவர்கள் நோய் என்று பெயரிட்டு வைத்திருந்த பலவும் ஆரோக்கியமான பெண்ணின் உடம்பில் மாதந்தோறும் நடக்கும் மாறுதல்கள்தாம் என்று தெரிந்தது. நுண்ணோக்கியில் நூறாண்டுக்கு முன் திருத்திய பிழையை நாம் இன்று ஸ்கேன் திரையில் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆனால் சுரண்டி எடுத்துப் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. பார்த்த இடம் பார்த்ததோடு போயிற்று. இன்று எடுத்த துண்டு நாளை எப்படி மாறும் என்பதைப் பார்க்க முடியாது. 1950-இல் பாஸ்டனில் நாய்ஸ், ஹெர்ட்டிக், ராக் மூவரும் உட்சவ்வைப் பார்த்தே சுழற்சியின் நாளைச் சொல்லும் அட்டவணை ஒன்றை வகுத்தார்கள். பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் அதுவே வழிகாட்டி. அதுவும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு பெண்களிடம் எடுத்த துண்டுகளைக் கோத்துச் செய்த மாலைதான்.

அதே கருப்பை, அதே உட்சவ்வு, நாள்தோறும் எப்படி மாறுகிறது என்று உயிரோடு பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒருவரை வினோதமான இடத்துக்குக் கொண்டுபோயிற்று. ஜோசப் மார்க்கி என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் ரீசஸ் குரங்கின் கருப்பை உட்சவ்விலிருந்து சிறு துணுக்கை எடுத்து அதே குரங்கின் கண்ணுக்குள், அதன் முன்னறையில் பதித்தார். கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிவானது அல்லவா? துணுக்கு அங்கே ஒட்டிப் பிழைத்தது. குரங்கின் சொந்தச் சுழற்சிக்கேற்ப வளர்ந்தது, சிவந்தது, வெளிறியது, ரத்தம் கசிந்தது. ரத்தம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பு, சுருள் சுருளான நுண்தமனிகள் இறுகிச் சுருங்குவதை அவர் லென்ஸ் வழியாகப் பார்த்து எழுதினார். 1940-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையை இன்றும் மாதவிலக்கு பற்றிய பாடம் எதுவும் தவிர்ப்பதில்லை. அந்தக் குரங்குகளை நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது. கருப்பைக்கு ஒரு ஜன்னல் கிடைக்காமல் கண்ணையே ஜன்னலாக்க வேண்டிவந்த காலம் அது.

ஜன்னல் வந்தது ஒரு கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேறியல் பேராசிரியர் இயான் டொனால்ட். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர். ரேடார், சோனார் பற்றிக் கேள்விப்பட்டவர். ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தில் உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க மீயொலிக் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். ஒலியைச் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து உள்ளே குறை எங்கே என்று சொல்லும் கருவி. 1955-இல் டொனால்ட் அங்கே போனார். கார் டிக்கியில் அவர் எடுத்துப்போனது அறுவையில் அகற்றிய கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்ல மாட்டிறைச்சித் துண்டு ஒன்றைத் தொழிற்சாலைக்காரர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். நீர் நிறைந்த கட்டி ஒருவிதமாகவும் சதைத்திரள் நிறைந்த கட்டி இன்னொரு விதமாகவும் எதிரொலித்தன. கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் பொறியாளர் டாம் பிரவுனும் மருத்துவர் ஜான் மெக்விக்கரும் சேர்ந்துகொள்ள, 1958 ஜூனில் ‘லான்செட்’ இதழில் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. வயிற்றுப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு உண்மையில் இருந்தது பெரிய நீர்க்கட்டி என்று கண்டதும், அதை அகற்றி அவள் பிழைத்ததும் அந்த முயற்சிகளின்போது நடந்தவை. ஸ்கேன் என்றால் நமக்குச் சிசுதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கருவி முதலில் பழகியது கருப்பையின் கட்டிகளிடம்.

ஒலி எப்படிப் படமாகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பின் மென்திசுவில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகும். பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஒன்றைத் தொட்டுவிட்டு அது திரும்பி வர, ஒரு நொடியைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒன்றேகால் கூறுக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தை வைத்து ஆழத்தையும், எதிரொலியின் வலுவை வைத்து வெளுப்பையும் கருவி வரைகிறது. நீர் எதிரொலிக்காது, எனவே கறுப்பு. திசுவுக்குத் திசு எதிரொலி கூடக் கூட வெளுப்பும் கூடும். காற்றுதான் பரம எதிரி. ஒலி அங்கேயே திரும்பிவிடும். வயிற்றில் குளிரக் குளிர ஜெல் தடவுவது புரோப் எனப்படும் கைக்கருவிக்கும் தோலுக்கும் நடுவே காற்று நுழையாமலிருக்க. சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வது, காற்று நிறைந்த குடல்களை ஒதுக்கித் தள்ளி அந்த நீர் வழியாகக் கருப்பையைப் பார்க்க. டொனால்டின் குழுவினர் 1960-களில் கண்டுகொண்ட உபாயம் அது. நம் ஊர் ஸ்கேன் சென்டர் வராந்தாக்களில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்து, காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, “இன்னும் எத்தனை பேர்?” என்று கேட்கும் பெண்கள் எல்லாரும் அந்த உபாயத்தின் வாரிசுகள். அதிகமாக நிரம்பினாலும் தொல்லை. கருப்பை நசுங்கித் தட்டையாகும், அளவு தப்பும்.

1980-களில் புரோபையே மெல்லியதாக்கி, யோனி வழியாக உள்ளே வைத்துப் பார்க்கும் முறை வந்தது. கருப்பைக்கு மிக அருகில் போய்விடுவதால் 5 முதல் 9 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நுண்ணிய ஒலியைப் பயன்படுத்தலாம். வயிற்றின் மேலிருந்து பார்க்கையில் பெரும்பாலும் 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில்தான். ஒலி நுண்ணியதானால் படம் துல்லியமாகும், ஆனால் ஆழத்துக்குப் போகாது. பக்கத்தில் போனால் ஆழம் தேவையில்லை. சிறுநீரை அடக்க வேண்டியதும் இல்லை. இதை டி.வி.எஸ். ஸ்கேன் என்று எழுதிக் கொடுப்போம். மதுரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் இந்த மூன்றெழுத்தைச் சொன்னால் அந்தப் பெயரில் ஓடிய பஸ் ஞாபகம் வந்துவிடும். ‘உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன்’ என்று நேராகச் சொல்லி, சம்மதமா என்று கேட்டு, அறையில் ஒரு பெண் உதவியாளரை வைத்துக்கொண்டு செய்வதே முறை. திருமணமாகாத பெண்களுக்கு வயிற்றின் மேலிருந்து பார்ப்பதே நம் வழக்கம்.

இனி அந்தக் கருவியோடு ஒரு மாதம் நடப்போம். கருப்பை சாதாரணமாக ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். தலைகீழாகப் பிடித்த பேரிக்காய் என்று பாடப்புத்தகம் சொல்லும். நம் ஊர் கண்ணுக்குச் சின்னக் கொய்யாக்காய் என்றாலும் தவறில்லை. மாதவிலக்கு நாட்களில் உள்ளே உட்சவ்வு ஒரு மெல்லிய வெண்கோடு மட்டுமே, 1 முதல் 4 மில்லிமீட்டர். ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற அது 5, 7 என்று தடித்துக்கொண்டே போகும். முட்டை வெடிக்கும் நாள் நெருங்கும்போது திரையில் ஓர் அழகான கோலம் தெரியும். வெளியோரம் இரண்டு வெண்கோடு, நடுவில் ஒரு வெண்கோடு, இடையில் சாம்பல் பட்டை. கிளினிக்குகளில் ‘ட்ரிபிள் லைன்’ என்பார்கள். நடுக்கோடு என்பது கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம். முட்டை வெடித்துப் புரோஜெஸ்டிரோன் ஏறிய சில நாட்களில் கோடுகள் மங்கி, உட்சவ்வு முழுக்கப் பளிச்சென்று வெளுத்துவிடும். சுரப்பிகள் நெளிந்து சுரப்பு நிறைவதால் எதிரொலி பெருகுகிறது. 7 முதல் 16 மில்லிமீட்டர் வரை இந்தப் பின்பாதியில் இயல்பு. கரு தங்காவிட்டால் அடுத்த மாதவிலக்கோடு மறுபடியும் வெண்கோடு.

பக்கத்திலேயே சினைப்பையில் வேறொரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாதத்துக்குத் தேர்வான முட்டைக்கூடு நாளுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளரும். 18 முதல் 25 மில்லிமீட்டருக்குள் எங்கேனும் வெடிக்கும். 1979-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹேக்கலோயரும் அவர் குழுவினரும் திரையில் கண்ட இந்த வளர்ச்சியையும் ரத்தத்தில் ஏறும் ஈஸ்ட்ரோஜனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்திக் காட்டினார்கள். குழந்தைப்பேறு சிகிச்சையில் இன்று நடக்கும் ‘முட்டை வளர்ச்சி ஸ்கேன்’ அதன் பேரப்பிள்ளை. “முட்டை வெடிச்சிருச்சா டாக்டர்?” என்று கேட்டபடி விடியற்காலையில் வரிசையில் நிற்கும் தம்பதிகளின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த 2 மில்லிமீட்டர் எவ்வளவு பெரியது என்று.

இன்னொரு செய்தி: சுழற்சியின் பின்பாதி ஏறக்குறைய 14 நாளாக நிலைத்திருக்கும், நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் முன்பாதிதான். 35 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு 14-ஆம் நாளில் முட்டையைத் தேடினால் கிடைக்காது. 21-ஆம் நாளை ஒட்டிப் போய்ப் பாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் படங்கள். இனிச் சொல்லப்போவது அசைவு. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் சற்றுத் தங்கிச் சொல்கிறேன்.

கருப்பை சும்மா இருக்கும் உறுப்பு என்று நினைத்திருந்தோம். பிரசவத்தில் மட்டும் விழித்துக்கொண்டு முக்கும், மற்ற நாட்களில் உறங்கும். ஆரம்பகால ஸ்கேன் கருவிகளும் அந்த நினைப்புக்கு ஏற்றவையாகவே இருந்தன. புரோபை வயிற்றின்மேல் மெல்ல நகர்த்தி ஒரே ஒரு நிலைப்படம் எடுப்பார்கள். நொடிக்குப் பல படம் காட்டும் கருவிகள் 1960-களின் நடுவில் ஜெர்மனியில் தொடங்கி, எழுபதுகளில் பரவின. சிசுவின் இதயம் துடிப்பதைப் பார்த்து உலகம் வியந்தது. கருவுறாத கருப்பையில் துடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் அங்கே நின்று பார்க்கவில்லை. 1984-இல் பிர்ன்ஹோல்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் உட்சவ்வு அசைவதை ஸ்கேனில் கண்டு எழுதினார். பிறகு ஜப்பானிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆட்கள் புரோபை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, சில நிமிடங்கள் வீடியோவில் பதிந்து, அதை வேகமாக ஓட்டிப் பார்த்தார்கள். அப்போது தெரிந்தது: குளத்தில் காற்றுக்கு எழும் சிற்றலைபோல உட்சவ்வின் ஓரத்தில் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன.

அலைக்கு ஒரு திசை உண்டு என்பதும், அந்தத் திசை நாளுக்கு நாள் மாறுகிறது என்பதும் அடுத்த கண்டுபிடிப்பு. மாதவிலக்கு நாட்களில் அலை மேல்முகட்டிலிருந்து கருப்பைவாய் நோக்கி இறங்குகிறது. உள்ளிருப்பதை வெளியே தள்ள வேண்டும் அல்லவா? ரத்தம் நின்றதும் திசை திரும்புகிறது. வாயிலிருந்து முகட்டை நோக்கி, கீழிருந்து மேலாக, நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ. முட்டை வெடிக்கும் நாள் நெருங்க நெருங்க அலைகள் அடுத்தடுத்து வரும், நிமிடத்துக்கு மூன்று, சிலரிடம் அதற்கும் மேல். வெடித்துப் புரோஜெஸ்டிரோன் ஏறியதும் எல்லாம் அடங்கி, கருப்பை அமைதியாகிவிடும். ஒருவேளை கரு வந்து ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தால் தரை ஆடக்கூடாது.

அலையை எழுப்புவது முழுத் தசைச்சுவரும் அன்று. உட்சவ்வை ஒட்டி, திரையில் மெல்லிய கறுப்பு வளையமாகத் தெரியும் உட்புறத் தசை மட்டுமே. பிரசவத்தில் வேலை செய்யும் வெளிப்புறத் தசை வேறு. இந்த உட்தசை ஹார்மோன்களின் சொற்படி மாதந்தோறும் ஆடுகிறது.

கீழிருந்து மேலே எழும் அலை எதற்கு? ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் குன்ஸ், லைண்டெக்கர் குழுவினர் 1996-இல் வெளியிட்ட சோதனை இது. விந்தணு அளவிலான, மெல்லிய கதிரியக்கம் ஏற்றிய புரதத் துகள்களைப் பெண்களின் கருப்பைவாய் அருகே வைத்துவிட்டு, அவை எங்கே போகின்றன என்று காமரா வழியாகப் பார்த்தார்கள். துகள்களுக்கு வால் கிடையாது, நீந்தத் தெரியாது, உயிரே கிடையாது. அப்படியிருந்தும் ஒரே நிமிடத்தில் சில துகள்கள் கருக்குழாயின் தொடக்கம் வரை போய்விட்டன. அதோடு, அந்த மாதம் எந்தப் பக்கச் சினைப்பையில் முட்டைக்கூடு வளர்ந்துகொண்டிருந்ததோ அந்தப் பக்கக் குழாய்க்கே அதிகம் போயின. நாள் நெருங்க நெருங்க இந்தப் பக்கச்சாய்வு கூடியது. கோடிக்கணக்கான விந்தணுக்கள் முண்டியடித்து ஓடுகின்றன, வீரனாக ஒன்று முந்துகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லித் தந்த கதையை நாம் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பந்தயத்தின் பாதி தூரம் வீரர்களைத் தூக்கிச் செல்வது மைதானமே. இத்தனை காலமாக அதற்குப் பங்கு கொடுக்க நமக்குத் தோன்றவில்லை.

இந்த அறிவுக்குச் சிகிச்சை அறையிலும் வேலை உண்டு. 1998-இல் பிரான்சின் ஃபான்ஷான் குழுவினர், சோதனைக்குழாய்க் கருவைக் கருப்பைக்குள் வைப்பதற்குச் சற்று முன்பு அலைகளை எண்ணினார்கள். அலை அதிகம் அடித்தவர்களுக்குக் கரு தங்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. மாதவிலக்கு வலியிலும், உட்சவ்வு தசைக்குள் புகுந்துவிடும் அடினோமயோசிஸ் நோயிலும் அலைகள் தாளம் தப்புவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. தாளம் தப்புவதால் நோயா, நோயால் தாளம் தப்புகிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. லைண்டெக்கர் முதல் கட்சி. நான் இன்னும் தீர்ப்பெழுதத் தயாராக இல்லை.

அசைவு என்னை ஏமாற்றிய கதையையும் சொல்லிவிட வேண்டும். தொழிலுக்கு வந்த புதிது. இரண்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்குக் கருப்பைச் சுவரில் உருண்டையாக ஒரு கட்டி. நார்க்கட்டி என்று எழுதி, அளவும் போட்டுவிட்டேன். வேறொரு காரணத்துக்காக அரைமணி கழித்து அதே அம்மாவைத் திரும்பப் பார்க்க வேண்டிவந்தது. கட்டியைக் காணோம். கருப்பைத் தசையின் ஒரு பகுதி சற்று நேரம் இறுகித் திரண்டு, பிறகு தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுதிய ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். அரைமணிக்குள் திரும்பப் பார்க்கும் வாய்ப்புக் கிடைக்காத ரிப்போர்ட்டுகள் எத்தனை வெளியே போயிருக்கும் என்ற கணக்கு என்னிடம் இல்லை.

வெளியே போன ரிப்போர்ட் என்ன செய்யும் என்பதுதான் இந்த உரையில் கசப்பான பகுதி. ‘பல்க்கி யூட்டரஸ்’ என்று இரண்டு சொல். பிள்ளை பெற்ற பெண்ணின் கருப்பை பெறாதவளுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது இயற்கை. ஆனால் அந்தச் சொல் வீட்டுக்குப் போகும்போது ‘கர்ப்பப்பை வீங்கியிருக்கு’ என்றாகும். ‘விட்டால் கேன்சராகும்’ என்று வளரும். ‘உட்சவ்வு தடித்திருக்கிறது’ என்பதும் அப்படியே. மாதவிலக்கு முற்றிலும் நின்ற பெண்ணுக்கு ரத்தம் கண்டால், உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல். அதற்குள் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்து மாதவிலக்கு ஓடிக்கொண்டிருக்கும் 35 வயதுப் பெண்ணின் மேல் வைத்தால், அவள் மாதத்தின் பெரும்பாலான நாட்கள் நோயாளிதான். கருப்பை நீக்கம் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மற்ற மாநிலங்களைவிட மிகுதி என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே நடந்த கருப்பை நீக்கங்கள் 2019-இல் செய்தியாகி, அரசு குழு அமைத்து விசாரித்தது. வறுமை, விடுப்பில்லாத வேலை, பணத்தாசை என்று அதற்குக் காரணங்கள் பல. அந்தக் காரணங்களுக்கெல்லாம் கையொப்பம்போல ஒரு ஸ்கேன் தாளைக் கோப்பில் வைப்பது எவ்வளவு எளிது என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

‘நீர்க்கட்டி’யும் அப்படியொரு சொல். பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு உள்ள பெண்ணின் சினைப்பையில் தெரிபவை பெரும்பாலும் கட்டிகளே அல்ல; வளரத் தொடங்கிப் பாதியில் நின்ற முட்டைக்கூடுகள். பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்து இந்த நோயை முடிவு செய்யக்கூடாது என்று 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டி சொல்கிறது, ஏனென்றால் அந்த வயதில் பல கூடுகள் தெரிவது சாதாரணம். ஆனாலும் அந்தச் சொல் எழுதிய தாளோடு, பிளஸ் டூ படிக்கும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் அழுதபடி வருகிறார்கள்.

நல்ல நாள் பார்த்துச் செய்யும் ஸ்கேன் எவ்வளவு பேசும் என்பதற்கும் ஓர் உதாரணம். உட்சவ்வில் தொங்கும் பாலிப் என்ற சிறு சதைத்துணுக்கைப் பின்பாதியில் தேடினால் வெள்ளைச் சுவரில் வைத்த விபூதிப் பொட்டு, கண்ணில் படாது. மாதவிலக்கு முடிந்த கையோடு, பத்தாம் நாளுக்குள் பார்த்தால் தனியாகத் தெரியும். சந்தேகமிருந்தால் கருப்பைக்குள் சிறிதளவு உப்புநீர் செலுத்தினால் கறுப்புக் குளத்தில் மிதக்கும் மொட்டுப்போல் நிற்கும். அதே கருவி, அதே கை. ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னால் போதும்.

இதையெல்லாம் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கலாமே என்று தோன்றும்; ஆனால் எங்கள் அறை வாசலில் ஒரு பலகை இருக்கும். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்று. 1994-இல் வந்து, 2003-இல் இறுக்கப்பட்ட சட்டத்தின் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் பதிவு, அதை நினைத்த இடத்துக்குத் தூக்கிப்போகத் தடை. உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலைகளைக் கேள்விப்பட்ட நாட்டில் இந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கருவுறாத பெண்களின் சுழற்சியை ஊர் ஊராகப் போய்ப் படிக்க நினைக்கும் ஆய்வாளர்களுக்கு இதனால் சிரமம் கூடுகிறது என்பதும் உண்மை. அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டு, மருத்துவமனைக்கு வருகிறவர்களிடமே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

எனவே இங்கே உட்கார்ந்திருக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அறையில் இருக்கும் கருவியில் வீடியோ பதியும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். உள் ஸ்கேனுக்கு வந்திருக்கும் ஒரு பெண்ணிடம், வேலை முடிந்ததும் இன்னும் இரண்டு நிமிடம் பார்க்கலாமா, எதற்காக என்று சொல்லிக் கேளுங்கள். சரி என்றால், குளித்து எத்தனை நாள், எத்தனாவது நாள் குளித்தார் என்று கேட்டுத் திரையின் மூலையில் எழுதிக்கொள்ளுங்கள். கருப்பையை நீளவாக்கில், வாயிலிருந்து முகடு வரை ஒரே படத்தில் பிடியுங்கள். பிறகு புரோபை அசைக்கவே கூடாது. அவரையும் மெதுவாக மூச்சு விடச் சொல்லுங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது, அலுத்துவிடும். பதிந்ததை வேகமாக ஓட்டிப் பாருங்கள். அவரும் பார்க்க விரும்பினால் திரையை அவர் பக்கம் திருப்புங்கள். இரண்டு நிமிடம் கையை அப்படியே வைத்திருப்பது லேசான காரியமில்லை, தோள் கடுக்கும். முழங்கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள்.